ரெண்டு தனி ஆளுங்க, சத்தமில்லாத ஒரு காதல்: குறும்பட ஸ்கிரிப்ட் எழுத முழு வழிகாட்டி

எந்த விதத்துலயும் பொருந்தாத ரெண்டு பேர், ரெண்டு பேருமே தனியா கெடக்குறவங்க, எங்கயோ பாத்துக்கிறாங்க, மெதுவா நெருங்குறாங்க, பெருசா ஒன்னும் நடக்காம படம் முடியுது. இப்படி ஒரு கதையோட ஸ்கிரிப்ட் ரீடிங்குக்கு வர்றவங்க நெறைய பேரு. முக்காவாசி பேர் விழறது ஒரே எடத்துல தான். கடைசி சீன முதல்ல எழுதிடுறாங்க, அப்புறம் வசனம், அப்புறம் பிஜிஎம் எங்க வரும்னு குறிப்பு, ஆனா இந்த ரெண்டு பேரும் ரெண்டாவது தடவ எதுக்காக பாத்துக்கணும்ங்கிறத மட்டும் யோசிக்கவே இல்ல.

இந்த வகைக்கு வரிசை தலைகீழ். வசனம் கிட்டத்தட்ட கடைசி. கீழ இருக்கிறது 20, 25 நிமிஷ குறும்படத்துக்கான வரிசை, பெரிய படத்துக்கும் இதே தான், நாள் கூடும். நடுவுல ஒரு உதாரணக் கதையையும் கட்டிக்கிட்டே போறேன், அப்பதான் எந்த ஸ்டெப் எதுக்குன்னு புரியும்.

1. ஆரம்பிக்கும் முன்னாடி என்ன வேணும்

ஒரு எடம் வேணும். நீங்க போயி மூணு, நாலு மணி நேரம் சும்மா உக்காந்தா யாரும் ஏன்னு கேக்காத எடம். பஸ் ஸ்டாண்ட், ஆர்டிஓ ஆபீஸ் வாசல், ரிஜிஸ்தர் ஆபீஸ், ஆஸ்பத்திரி காரிடார், எதுவா வேணா இருக்கட்டும். பீச்சும் காஃபி ஷாப்பும் வேணாம், அங்க வர்றவங்க இஷ்டப்பட்டு வர்றவங்க, நமக்கு வேண்டியது வேற வழியில்லாம வந்து உக்காந்திருக்கவங்க.

ரெண்டாவது, ஒரு நோட்டு, நேரம் குறிக்க ஒரு வாட்ச். லேப்டாப்ப இப்ப தொடாதீங்க, ஸ்கிரிப்ட் சாஃப்ட்வேர தொறந்த உடனே கை தானா வசனம் அடிக்க ஆரம்பிச்சிடும்.

மூணாவது, மூணு படம். 'தி லஞ்ச்பாக்ஸ்' (2013), 'பிரீஃப் என்கவுண்டர்' (1945), 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' (2003). ரசிச்சு பாக்குறது ஒரு தடவ போதும். ரெண்டாவது தடவ சவுண்ட ஆஃப் பண்ணிட்டு, யார் யார எத்தனாவது நிமிஷத்துல பாக்குறாங்க, எவ்ளோ தூரத்துல நிக்கிறாங்க, கையில என்ன இருக்குன்னு மட்டும் எழுதிக்கோங்க. அந்த லிஸ்ட் தான் உங்க பாடப்புத்தகம்.

வேண்டாதது: டைட்டில், பாட்டு, கேரக்டருக்கு பேரு. பேரு வச்ச உடனே ஊரு, மதம், சாதி எல்லாம் கேக்காமலே உள்ள வந்து உக்காந்துரும், அதெல்லாம் 3-ஆவது ஸ்டெப்புல நீங்களா முடிவு பண்ணி கொண்டு வரணும்.

2. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு நாள எழுதுங்க

காலைல எழுந்ததுலருந்து தூங்குற வரைக்கும். அடுத்தவர் இந்த நாள்ல இல்லவே இல்ல. ஆளுக்கு ரெண்டு பக்கம்.

நம்ம உதாரணத்துக்கு திருச்சில ஒரு டயாலிசிஸ் சென்டர எடுத்துக்குவோம். அவரு ரிட்டயர்டு டவுன் பஸ் கண்டக்டர், மனைவி தவறிட்டாங்க, அண்ணன டயாலிசிஸுக்கு கூட்டிட்டு வர்றாரு. அந்தப் பொண்ணு லோன் கட்டாதவங்களுக்கு போன் போட்டு பேசுற கலெக்‌ஷன் வேலைல இருக்கு, முப்பத்தி சொச்சம் வயசு, புருஷன விட்டு பிரிஞ்சு வந்து அப்பா கூட இருக்கு, அப்பாவுக்கும் டயாலிசிஸ்.

இப்ப கண்டக்டரோட நாள் எப்படி போகும்? முதல் ட்ரிப்புக்கு எழுந்து பழகின உடம்பு, இன்னும் விடிய முன்னாடியே முழிப்பு வந்துரும், வெளிச்சம் வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னு தெரியாது. சாப்பிடுறது நின்னுக்கிட்டே. சில்லறைய ரூபா வாரியா அடுக்கி வைப்பாரு. அந்தப் பொண்ணு ஆபீஸ்ல நாள் பூரா பேசும், திட்டு வாங்கும், வீட்டுக்கு வந்தா போன சைலண்ட்ல போட்டு அரிசி டப்பா மேல வச்சிரும், அப்பா கேக்குறதுக்கு "ம்", "இல்ல" தவிர பதில் வராது.

பாத்தீங்கன்னா இதுல எங்கயும் ஜன்னல் ஓரமா நின்னு வெறிக்கல, பழைய போட்டோவ தடவல. புதுசா எழுதுறவங்க தனிமைன்னாலே சோகமா உக்கார வச்சிடுறாங்க. நெஜத்துல தனியா இருக்கவங்க ரொம்ப பிசியா இருப்பாங்க, நேரத்த நெரப்பணும்ல. அதனால தனிமைய ஒரு செயலா காட்டுங்க. கூட ஒரு ஆள் வந்தா அந்தச் செயல் மாறிடுமா? மாறிடும்னா வச்சுக்கோங்க. நின்னுக்கிட்டே சாப்பிடுற ஆளு எதுத்தாப்ல யாராவது இருந்தா உக்காந்து சாப்பிடுவாரு, அது பின்னாடி ஒரு சீனா உங்களுக்கு உதவும்.

3. பொருத்தமின்மைய முடிவு பண்ணுங்க, ஒன்ன மட்டும்

வயசு, படிப்பு, பணம், மதம், மொழின்னு எல்லாத்தையும் கொட்டக் கூடாது. ஒன்ன எடுத்து அது ஒவ்வொரு சீன்லயும் வேலை செய்யுற மாதிரி வைங்க. எங்க கதைல அது பேச்சு. இவரு பேசுறதுக்கு ஆள் தேடுறவரு, வாழ்க்கை பூரா கூட்டத்துக்கு நடுவுல கத்திப் பழகினவரு. அவங்களுக்கு பேச்சுன்னாலே அலர்ஜி. வயசு வித்தியாசம் கூடவே இருக்கு, இருந்துட்டு போகட்டும், அத யாரும் வசனத்துல சொல்ல வேணாம்.

ஒரு விஷயம். நம்ம ஊர்ல ரெண்டு அந்நியங்க பக்கத்துல உக்காந்தா அஞ்சாவது நிமிஷம் "எந்த ஊரு", பத்தாவது நிமிஷம் "உங்க ஊர்ல எந்தத் தெரு", அது எதுக்கு கேக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இத ஸ்கிரிப்ட்ல கண்டுக்காம விட்டா கதை ஏதோ வெளிநாட்டுல நடக்குற மாதிரி ஆயிடும். கேள்விய வைக்கணும், பதில் சொல்றாங்களா இல்ல பேச்ச மாத்துறாங்களான்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா வைங்க.

4. திரும்பத் திரும்ப சந்திக்க ஒரு காரணம்

மத்த எல்லா ஸ்டெப்புக்கும் சேத்து எவ்ளோ நேரம் ஆகுமோ அவ்ளோ நேரம் இதுக்கு மட்டும் குடுங்க.

'தி லஞ்ச்பாக்ஸ்'ல மும்பை டப்பாவாலா கொண்டு போற சாப்பாடு ஆள் மாறிப் போகுது, இலா புருஷனுக்கு அனுப்புனது சாஜன் ஃபெர்னாண்டஸ் டேபிளுக்கு வந்துருது. மறுநாளும் அதே தப்பு நடக்கும், ஏன்னா அது ஒரு சிஸ்டத்தோட தப்பு, தானா ஓடிக்கிட்டே இருக்கும். 'பிரீஃப் என்கவுண்டர்'ல அது வியாழக்கிழமை. லாரா வாரா வாரம் அன்னைக்கு தான் டவுனுக்கு வருவாங்க, அலெக் அந்த ஊரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வர்றதும் அன்னைக்கு தான், ரெண்டு பேரும் ஊருக்கு திரும்புற ஸ்டேஷன் ஒன்னு. 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்'ல டோக்கியோ ஹோட்டல்ல ரெண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் வராது, பார்ல போயி உக்காருறாங்க, அவ்ளோ தான்.

மூணுலயும் காரணம் காதலுக்கு முன்னாடியே இருக்கு, காதல் வரலன்னாலும் அது பாட்டுக்கு நடக்கும். உங்க காரணத்த நாலு கேள்வி கேளுங்க.

அது தானா திரும்ப வருமா? டயாலிசிஸ் வாரத்துக்கு ரெண்டு இல்ல மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம், ஷிஃப்ட்டும் பெரும்பாலும் ஒன்னே தான். வரும்.

தட்டிக் கழிக்க முடியுமா? முடியாது, ஒரு நாள் விட்டா உள்ள இருக்கவரு உயிருக்கே ஆபத்து.

ஊரு பாத்தா தப்பா பேசுமா? ஆஸ்பத்திரி காரிடார்ல பக்கத்து பக்கத்துல உக்காந்தா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. இந்தக் கேள்வி நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா ஒரு ஆணும் பொண்ணும் காரணமே இல்லாம ரெண்டு தடவ ஒரே எடத்துல நின்னா டீக்கடைக்காரர் கூட கவனிப்பாரு.

நாலாவது, அது நின்னு போக முடியுமா? முடியும், அதுவும் கொடூரமா. அத அடுத்த ஸ்டெப்புல பாப்போம்.

நாலுக்கும் இதே மாதிரி பதில் வரலன்னா காரணத்த மாத்துங்க, கேரக்டர மாத்தாதீங்க. இங்க அதிகமா நடக்குற தப்பு தற்செயல். ஒரு தற்செயல் ஆடியன்ஸ் ஒத்துப்பாங்க, ரெண்டாவது தடவ மால்ல பாத்துக்கிட்டாங்க, மூணாவது தடவ கோயில்லனு போனா அது எழுத்தாளரோட சோம்பேறித்தனம்னு தெரிஞ்சிடும்.

காரணம் முடிவானதும் ஒரு நிஜ கேலண்டர்ல தேதி போடுங்க. செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி. எந்த வெள்ளிக்கிழமை என்ன விசேஷம், எப்ப மழை, எப்ப சம்பள நாள்னு குறிங்க. சீனுக்கு வேண்டிய விஷயம் பாதி அதுலருந்தே வந்துரும்.

அந்த எடத்துல உண்மையாவே போயி உக்காருங்க. டயாலிசிஸ்ல இருக்கவங்க தண்ணிய அளந்து தான் குடிக்கணும், பொட்டாசியம் ஏறிடும்னு எளநியும் வாழப்பழமும் வேணாம்னு சொல்லிடுவாங்க. அதனால கூட வந்தவங்க அவங்க கண் முன்னாடி ஒரு மடக்கு தண்ணி குடிக்க கூச்சப்பட்டு படிக்கட்டுக்கு பின்னாடி போயி குடிப்பாங்க. இத வீட்டுல உக்காந்து யோசிச்சா வராது. இவங்க முதல் சந்திப்பு எனக்கு அங்க தான் கெடைச்சது: ரெண்டு பேரும் ஒளிஞ்சு தண்ணி குடிக்க வர்ற படிக்கட்டு.

5. முடிவு தேதி

நேரம் தீந்து போகும்ங்கிற பயம் இல்லன்னா அமைதியான கதை வெறும் மெதுவான கதையா ஆயிடும். சாஜன் வேலையிலருந்து ரிட்டயர் ஆகப் போறவரு, ஹோட்டல் கதைல ஊருக்கு ஃப்ளைட் ஏறுற நாள் இருக்கு. எங்க கதைல யாராவது ஒருத்தர் இறக்கலாம், கிட்னி கெடைக்கலாம், இல்லன்னா சும்மா ஷிஃப்ட் மாத்திடலாம். மூணாவது தான் எனக்கு புடிச்சது. சாவு வந்தா படம் சாவ பத்தினதா மாறிடும், ஒரு நர்ஸ் பேடப் பாத்து "அடுத்த வாரத்துலருந்து அப்பாவுக்கு காலைல 6 மணி ஷிஃப்ட்டு"ன்னு சொல்லிட்டு போறதுல இருக்க வலி வேற.

6. மூணாவது ஆளு

ரெண்டு பேருமே மனசுல உள்ளத சொல்லாதவங்கன்னா ஆடியன்ஸுக்கு விஷயம் எப்படி போகும்? அதுக்குத் தான் மூணாவது ஆள். இலாவுக்கு மேல் வீட்டு தேஷ்பாண்டே ஆன்ட்டி, குரல் மட்டும் தான் கேக்கும், முகமே காட்ட மாட்டாங்க, ஜன்னல் வழியா கூடை எறங்கும். சாஜனுக்கு ஷேக், அவரு ரிட்டயர் ஆனதும் அவரு எடத்துக்கு வரப் போற ஆளு, ஒட்டிக்கிட்டே திரிவாரு.

இந்த ஆன்ட்டியும் ஷேக்கும் என்ன பண்ணலன்னு கவனிங்க. "உனக்கு அவள புடிச்சிருக்கு, போய் சொல்லு"ன்னு பேசல. அந்த வசனம் பேசுற நண்பன் கேரக்டர் உங்க டிராஃப்ட்ல இருந்தா முதல் வேலையா அவன தூக்கிடுங்க. மூணாவது ஆளுக்கு அவங்களுக்குன்னு ஒரு கவலை இருக்கணும், அத பத்தி தான் பேசணும். எங்க கதைல அது கண்டக்டரோட அண்ணன், மெஷின்ல படுத்துக்கிட்டே கண்ணாடி வழியா தம்பி எந்த சேர்ல உக்காந்திருக்கான்னு பாக்குறவரு, ஆனா வெளிய வந்து கேக்குறது எல்லாம் கரண்ட் பில் கட்டியாச்சாங்கிறத தான்.

7. நாற்காலி படமும் காட்சிப் பட்டியலும்

ஒரு பேப்பர்ல அந்த எடத்தோட தரைப்படம் போடுங்க. எங்களுக்கு காரிடார்ல மூணு மூணு சீட்டா ஸ்டீல் சேர், மொத்தம் ஆறு. ஒவ்வொரு சீனுக்கும் ரெண்டு பேரும் எந்த சீட்டுன்னு புள்ளி வைங்க. சீன் 2: ஒன்னாவது, ஆறாவது. சீன் 5: ஒன்னாவது, நாலாவது. சீன் 8: நடுவுல ஒரே ஒரு சீட், அதுல அவங்க ஹேண்ட்பேக். சீன் 11: மறுபடி ஒன்னு, ஆறு, ஏன்னா அந்த வாரம் அவங்க புருஷன் வீட்டு சொந்தக்காரர் ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு. சீன் 13: ஹேண்ட்பேக் மடியில.

இதுக்கு காரணம், காதல சொல்லாத படத்துல தூரம் தான் வசனம். நெருங்கிக்கிட்டே போற நேர்க்கோடா இருந்தா ஆறாவது நிமிஷமே முடிவு தெரிஞ்சிடும், அதனால ஒரு தடவையாவது பின்வாங்கணும், அதுவும் வெளிக் காரணத்தால.

அப்புறம் கையிலருந்து கைக்கு போற ஒரு பொருள். 'தி லஞ்ச்பாக்ஸ்'ல வர்ற டப்பா மாதிரி. அது தெனசரி பொருளா, திரும்ப வர வேண்டிய பொருளா இருக்கணும், கிஃப்ட்டா இருக்கவே கூடாது. கிஃப்ட் குடுத்தா அர்த்தம் சொல்லியாச்சு. நாங்க வச்சது ஒரு தண்ணி பாட்டில் மூடி, விரிசல் விட்டது.

இந்த எடத்துல எல்லாரும் கேக்குற கேள்வி: "ஏன் நம்பர் வாங்கிக்க மாட்டாங்க, இப்ப எல்லாருகிட்டயும் வாட்ஸப் இருக்கே?" போன ஒளிச்சு வைக்காதீங்க, சார்ஜ் தீந்துச்சு, டவர் இல்லங்கிறது எல்லாம் எடுபடாது. நம்பர் வாங்கிக்கட்டும், ஆனா அதால பிரயோஜனம் இல்லாம பண்ணுங்க. நாள் பூரா போன்ல திட்டு வாங்குற பொண்ணுக்கு போன் அடிச்சாலே கை நடுங்கும், எடுக்காது. அவரு ரெண்டு ரிங் விட்டு வச்சிருவாரு. கேரக்டர்லருந்தே தடை வந்துச்சுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

இதெல்லாம் வச்சு காட்சிப் பட்டியல் எழுதுங்க, 18லருந்து 22 சீன், ஒவ்வொன்னுக்கும் ரெண்டு வரி, மேற்கோள் குறி ஒன்னு கூட வரக் கூடாது. பட்டியல மட்டும் படிச்சாலே கதை புரியணும். புரியலன்னா வசனம் வந்து காப்பாத்தும்னு நம்பாதீங்க.

8. இப்ப வசனம்

முதல் வசனம் ஒரு குறை சொல்றதா இருக்கட்டும். சாஜன் எழுதி டப்பாவுல வச்சு இலாவுக்கு அனுப்புற முதல் சீட்டுல நன்றி கூட இல்ல, சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தின்னு இருக்கும். இலா கோவத்துல, மேல் வீட்டு ஆன்ட்டி பேச்ச கேட்டு, அடுத்த நாள் காரத்த ஏத்தி அனுப்புவாங்க. பாராட்டுக்கு ஒரு பதில் தான் உண்டு, குறைக்கு சண்டை, விளக்கம், திருத்தம்னு நெறைய வழி தொறக்கும்.

எங்க படிக்கட்டு சீன் முதல் டிராஃப்ட்ல இப்படி வரும், எல்லாருக்கும் வரும்:

"நீங்களும் தனியாத்தான் வர்றீங்களா?"
"ஆமா சார். வாழ்க்கையே தனியாத்தான் போகுது."

இத அப்படியே கிழிச்சு போடுங்க. பாத்த உடனே இப்படி யாரு பேசுவா? மாத்தினது:

"ஏம்மா, அங்க நின்னு குடிக்காத. கண்ணாடில தெரியுது."
"..."
"இந்தப் பக்கம் வா. இங்கன்னா அவங்களுக்கு தெரியாது."
"சார், நான் மாத்திரை போட்டேன்."
"மாத்திரைக்கு ஒரு பாட்டில் முழுசாவா?"

அந்தப் பொண்ணு பொய் சொல்லுது, அவரு புடிச்சிட்டாரு, ரெண்டு பேரும் ஒரே குற்றத்துல இருக்காங்கன்னு ஆடியன்ஸுக்கு தெரிஞ்சு போச்சு. தனிமைங்கிற வார்த்தை எங்கயும் இல்ல.

கூப்பிடுற முறைய ஒரு தனி பேப்பர்ல சீன் வாரியா எழுதி வைங்க. இத விட்டுட்டு எழுதினவங்க நடுவுல மாட்டிக்கிறாங்க. அவங்க முதல் சீன்லயே "அண்ணே"ன்னு கூப்பிட்டா கதைக்கு கதவு சாத்தியாச்சு, "அங்கிள்"னா இன்னும் மோசம். "சார்"ல ஆரம்பிக்கலாம். அவரு "ஏம்மா, வா, போ"ல ஆரம்பிச்சு ஒரு கட்டத்துல, பழக்கம் கூடக் கூட, "வாங்க"ன்னு மரியாதைக்கு மாறணும். வழக்கமா பழகினா ஒருமைக்கு எறங்குவாங்க, இங்க அவரு ஏறுறாரு, அவங்க அத கவனிக்கிற ஒரு க்ளோசப் போதும். அவங்க பக்கம் "சார்" ஒரு நாள் காணாம போயிடணும், அதுக்கு பதிலா எதுவும் வர வேணாம், கூப்பிடாமலே பேசப் பழகிக்கட்டும், நம்ம வீடுகள்ல புருஷன் பொண்டாட்டி எத்தனையோ பேரு அப்படித் தானே பேசிக்கிறாங்க.

எழுதி முடிச்சதும் ஒரு கலர் பேனா எடுத்து, மனச பத்தி நேரா சொல்ற ஒவ்வொரு வரியையும் அடிங்க. எல்லாம் போயிட்டா கவலப்படாதீங்க. ஒன்னே ஒன்ன வச்சுக்கலாம், அதையும் தப்பான நேரத்துல, யாராவது குறுக்க வர்ற நேரத்துல வைங்க.

9. பிரிவும் கடைசி சீனும்

பிரியுற சீன ரெண்டு பேர மட்டும் வச்சு எழுதாதீங்க. 'பிரீஃப் என்கவுண்டர்'ல கடைசி சில நிமிஷம் மிச்சம் இருக்கும்போது லாராவுக்கு தெரிஞ்ச ஒரு அம்மா வந்து உக்காந்து வாய் ஓயாம பேச ஆரம்பிச்சிடுவாங்க, அலெக்கால ஒன்னும் சொல்ல முடியாது, போகும்போது தோள்ல ஒரு நிமிஷம் கைய வச்சு அழுத்திட்டு போயிருவாரு. அந்த அம்மா இல்லன்னா அங்க ஒரு நீளமான வசனம் வந்திருக்கும், இந்தக் கை வந்திருக்காது. உங்க கதைல குறுக்க வர்ற ஆள் யாருன்னு பட்டியல் போடுங்க: வார்டு பாய், ஆட்டோக்காரர், பில் கவுண்டர். நாங்க பில் கவுண்டர வச்சோம், சில்லறை கேப்பாங்க, கண்டக்டர் பையிலருந்து எடுத்து குடுப்பாரு.

திறந்த முடிவுன்னு சொல்லிட்டு எதுவும் முடிவு பண்ணாம விடுறது பெரிய தப்பு. 'தி லஞ்ச்பாக்ஸ்' கடைசில அவங்க சந்திச்சாங்களா தெரியாது, ஆனா ரெண்டு பேரும் என்ன முடிவு எடுத்தாங்கன்னு தெரியும், அவரு தேடிப் போறாரு, அவங்க வீட்ட விட்டு கெளம்பத் தயார். டோக்கியோ படத்துல ஹீரோ அந்தப் பொண்ணு காதுல என்ன சொன்னாருன்னு நமக்கு கேக்காது, ஆனா கார நிறுத்தி எறங்கி கூட்டத்துல நடந்து போயி கட்டிப் புடிச்சாருங்கிறது கண் முன்னாடி நடக்குது. ஆக, விளைவ மறைக்கலாம், முடிவ மறைக்கக் கூடாது. ஒவ்வொருத்தரும் கடைசியா என்ன செய்யுறாங்கன்னு ஒரு வரி எழுதுங்க, 2-ஆவது ஸ்டெப்புல எழுதின நாளோட ஒப்பிடுங்க. ஒன்னாவது மாறியிருக்கணும்.

10. ஷூட்டுக்கு முன்னாடி செக் பண்ண வேண்டியது

ஒரு பக்கம் ஒரு நிமிஷம்ங்கிற கணக்கு இதுக்கு ஒத்து வராது. வசனம் கம்மி, ஆக்‌ஷன் வரி ரெண்டே சொல்லுல இருக்கும், படத்துல அது முப்பது செகண்ட் ஓடும். 12 பக்க ஸ்கிரிப்ட் 20 நிமிஷம் தாண்டிடும். அதனால ஸ்டாப்வாட்ச் வச்சு, மௌனத்தையும் சேத்து, நடிச்சு படிங்க.

நெஜ டயாலிசிஸ் யூனிட்டுக்குள்ள கேமரா வேணாம். அனுமதி கெடைச்சாலும் படுத்திருக்கவங்க முகம் ஃப்ரேம்ல வரக் கூடாது. காரிடார், படிக்கட்டு, கண்ணாடிக் கதவு போதும், மெஷின் அலாரம் சத்தம் உள்ள இருந்து வந்தா எடம் புரிஞ்சிடும்.

சத்தமில்லாத படத்துக்கு செலவு பண்ண வேண்டியது சவுண்டுக்குத் தான். எல்லாத்தையும் அப்புறம் டப்பிங்ல பாத்துக்கலாம்னு நெனைக்காதீங்க, மூச்சும் துணி உரசலும் டப்பிங் ரூம்ல அவ்ளோ சுலபமா திரும்ப வராது. ஒவ்வொரு எடத்துலயும் யாரும் அசையாம ஒரு நிமிஷம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதப்ப அந்த எடத்துல இருக்க சத்தத்த, ரெக்கார்ட் பண்ணுங்க, இல்லன்னா எடிட்டிங்ல மௌனத்த நீட்டும்போது ஒட்டுப் போட்டது தெரியும். ஃபேன், ஃப்ரிட்ஜ் ஆஃப் பண்ணிட்டு எடுங்க, வேணும்னா அந்தச் சத்தத்த தனியா எடுத்து பின்னாடி சேத்துக்கலாம்.

பிஜிஎம் இல்லாம முதல் கட் ரெடி பண்ணி, கதை தெரியாத ரெண்டு பேருக்கு போட்டுக் காட்டுங்க. நீங்க ஸ்கிரீன பாக்காதீங்க, அவங்கள பாருங்க. எந்த எடத்துல போன எடுக்குறாங்களோ அந்த டைம்கோட (எத்தனாவது நிமிஷம், செகண்டுன்னு) குறிங்க. பெரும்பாலும் அது மௌனமான எடமா இருக்காது, யாரோ எதையோ விளக்கிக்கிட்டு இருக்க எடமா தான் இருக்கும், அந்த வசனத்த வெட்டிட்டு அடுத்த ரெண்டு பேருக்கு போடுங்க.